ஒற்றுமை மெஷின்கன்

அந்த மெஷின்கன்னைப் பிடித்தது எந்தக் கட்சி என்ற கேள்வியில்தான் எல்லாமே ஆரம்பித்தது.

உள்நாட்டுப் போரில், பிப்ரவரிப் பனியில் பாசிஸ்டுகள் போட்டுவிட்டு ஓடிய துப்பாக்கி அது. வல்தேயோகா ஊர்க்காரர்கள் பத்துப் பேர் சேற்றில் உருண்டு புரண்டு போய் அதை இழுத்துக்கொண்டு வந்தார்கள். பிடிக்கும்போது ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. ஊர்ச் சதுக்கத்தில் இறக்கி வைத்து, "இது யாருடைய வெற்றி?" என்று பேச ஆரம்பித்த பிறகுதான் கட்சிக்காரர்கள் நாலு பேர் செத்தார்கள்.

நாலு பேரையும் புதைத்த கையோடு ஊரிலிருந்த மூன்று இடதுசாரிக் கட்சிகளும் ஒற்றுமை ஒப்பந்தம் போட்டன. ரொம்ப எளிமையான ஒப்பந்தம். துப்பாக்கி எல்லாருக்கும் பொது. அதனால் யாருமே அதைச் சுட முடியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டாவை வெடிக்கவைக்கிற பூட்டைச் செம்முன்னணி எடுத்துக்கொண்டது. துப்பாக்கியைத் தாங்குகிற முக்காலியைச் சுதந்திரக் கூட்டமைப்பு தூக்கிக்கொண்டு போனது. தோட்டாப் பட்டைகள் மெய்ப்பாட்டாளிக் கட்சிக்கு. மிச்சமிருந்த வெறும் குழாயை மலைமேல் இடிந்து கிடந்த புனித பார்பரா கோவிலில், எதிரிக்கு நேர் எதிரே வைத்தார்கள். பிடித்த அதே பத்துப் பேர்தான் அங்கே காவல். அவர்களில் நிக்கானோர் தினமும் அந்தக் குழாய்க்கு எண்ணெய் போட்டுத் துடைப்பான். பார்க்கப் பயங்கர மிரட்டலாக இருக்கும். சுடாது, அவ்வளவுதான்.

நிக்கானோரின் மனைவி கித்தேரியா தினமும் காலையில் கோவேறு கழுதையில் தண்ணீரும் ரொட்டியும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவாள். கழுதையின் பெயர் சீமாட்டி. புரட்சி வந்ததும் சீமான், சீமாட்டி பட்டங்களையெல்லாம் ஒழித்துவிட்டார்கள். அதனால் கழுதைக்கும் 'தோழர்' என்று பெயர் மாற்றச் சொல்லி உத்தரவு. "வா தோழர்" என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், கழுதை மட்டும் அசையாது.

மே மாதத்தில் ஒரு நாள் அவள் மலையேறியபோது நிக்கானோர் அவளைத் தரையோடு தரையாக இழுத்துப் படுக்கவைத்துப் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினான்.

"லாரி லாரியா வந்து இறங்குறானுங்க பாரு புள்ள. சாயங்காலம் மேற்கு வெயில் நேரா நம்ம கண்ணுல அடிக்கும். அப்ப ஏறி வருவானுங்க."

"என்ன கொண்டாரணும்? சொல்லுய்யா."

"பூட்டு, முக்காலி, தோட்டா. மூணும் வந்தா ராத்திரி கொண்டைக்கடலைக்கு நான் இருப்பேன். வரலன்னா என் பங்கையும் சேர்த்து நீயே தின்னுரு."

கித்தேரியா அப்போதே சீமாட்டியைத் திருப்பினாள்.

செம்முன்னணியின் அலுவலகம் ஊர்க் கோவிலில் இருந்தது. சாமி சிலைகளை விறகாக்கி ஒரு குளிர்காலத்தை ஓட்டியிருந்தார்கள். பாவமன்னிப்புக் கூண்டு மட்டும் பத்திரமாக இருந்தது, ஏனென்றால் அதற்குள்தான் முன்னணியின் தலைவர் கமிசார் சத்தூர்னினோ உட்கார்ந்திருந்தார். கோவிலிலேயே ரகசியம் பேச வசதியான இடம் அதுதானாம். வந்தவர்கள் மண்டியிட்டு வலைக்கம்பி வழியாகப் பேச வேண்டும்.

"சொல்லு தோழர்," என்றது கூண்டுக்குள்ளிருந்து ஒரு குரல். "கடைசியா எப்ப சுயவிமர்சனம் செஞ்ச?"

"அதெல்லாம் அப்புறம் தோழரே. பூட்டைக் குடுங்க. சாயங்காலம் மலையில அடிக்க வர்றானுங்க. ஆண்டவரே, என் புருஷன் அங்க..."

"யாரைக் கூப்பிட்ட?"

"ஆண்டவரை."

"அவரைப் போன ஜூலையிலேயே ஒழிச்சாச்சு. இனிமே கூப்பிடாத. சரி, உன் புருஷன் என்ன நெனைக்கிறான்? முதல்ல போரா, முதல்ல புரட்சியா?"

"முதல்ல உயிரோட இருக்கணும்னு நெனைக்கிறான்."

கூண்டுக்குள் பென்சில் கிறுக்கும் சத்தம் கேட்டது. "தனிமனிதவாதம்," என்று முணுமுணுத்தார் சத்தூர்னினோ. "இங்க பாரு தோழர். நாங்க போர்ல ஜெயிக்கணும்னுதான் உயிரைக் குடுக்கிறோம். அதுக்குத்தான் என் ஆளுங்கள்ல முக்கால்வாசிப் பேரை மலைக்கு அனுப்பாம, அந்தக் கூட்டமைப்பைக் கண்காணிக்க வச்சிருக்கேன். நேத்து கூட ஒருத்தனைச் சுட்டோம். எதிரியோட ஆளுன்னு அவனே ஒத்துக்கிட்டான்."

"யாரு?"

"நம்ம சமையல்காரன். மூணு நாள் ஒத்துக்கல. நாலாவது நாள் ரொம்ப மனசார ஒத்துக்கிட்டான்." கம்பி வழியே பெருமூச்சு வந்தது. "அதுலேருந்து சாப்பாடுதான் சரியில்ல."

"பூட்டு தோழரே..."

"தர்றேன். நிச்சயம் தர்றேன். மத்த ரெண்டு கட்சியும் தந்த அடுத்த நிமிஷம் தர்றேன்."

சுதந்திரக் கூட்டமைப்பு ஊர்க் கசாப்புக் கொட்டகையில் இருந்தது. மாடு தொங்கிய கொக்கிகளில் இப்போது ரைபிள்கள் தொங்கின. நடுவில், ரத்தம் ஊறிய கல்மேடையில், முக்காலி நின்றது. அதன்மேல் யாரோ சாப்பாட்டுத் தட்டு வைத்திருந்தார்கள். கழுத்தில் கறுப்பும் சிவப்புமாகத் துணி கட்டிய முப்பது நாற்பது பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"இங்க தலைவர் யாருங்க?" என்று கேட்டாள் கித்தேரியா.

எல்லாரும் அடிபட்டவர்கள் போலப் பார்த்தார்கள். நெமேசியோ என்ற மலை மாதிரி ஆள் எழுந்தான். "எங்களுக்குத் தலைவர் கிடையாதும்மா. இங்க எல்லாரும் சமம். இல்லன்னு எவனாவது சொன்னான்னா நானே அவனைச் சுட்டுருவேன்."

கூட்டம் ஆமாம் என்று தலையாட்டியது, கொஞ்சம் வேகமாகவே.

அவள் விஷயத்தைச் சொன்னாள். நெமேசியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. ரொம்ப நல்ல மனசுக்காரன். "முக்காலி உன்னோடதும்மா. மக்களோடது. இப்பவே தூக்கிட்டுப் போ. எல்லாரும் சம்மதிச்சாப் போதும்."

எல்லாரும் என்றால் எல்லாரும். ஒருத்தர் பாக்கியில்லாமல். ஒவ்வொருவராக எழுந்து, மனிதகுலத்தின் விடுதலையில் ஆரம்பித்து முக்காலியில் வந்து முடித்துச் சம்மதம் சொன்னார்கள். கித்தேரியா வாசல் வழியாக நிழலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசியாக ஒரு ஒல்லி ஆள் எழுந்து, "அந்தக் கழுதையைக் கேட்டீங்களா?" என்றான்.

"என்னத்தைக் கேக்கணும்?"

"இவ்வளவு பாரத்தை மலைக்குத் தூக்கணும். அதுக்குக் கூலி உண்டா? சம்மதம் உண்டா? இல்லன்னா அது சுரண்டல். நான் எதிர்க்கிறேன்."

"உக்காருடா," என்றான் நெமேசியோ.

"இது உத்தரவா?"

உத்தரவு போட்டுவிட்டோம் என்று நெமேசியோவுக்கே உறைத்து முகம் வெளுத்தது. அந்த அவமானத்தைத் தாங்க முடியாமல் அவன் துப்பாக்கியை எடுத்து ஒல்லி ஆளின் முழங்காலில் சுட்டான். ஒல்லி ஆள் அலறிக்கொண்டே உட்கார்ந்தான்.

"பாத்தீங்கள்ல, உத்தரவெல்லாம் இல்ல," என்று நெமேசியோ எல்லாரையும் பார்த்தான். "அவனாவே உக்காந்துட்டான்." பிறகு கித்தேரியாவிடம் மெதுவாக, "ஆனா ஒண்ணும்மா. நாங்க முதல்ல குடுத்தா அந்தச் செம்முன்னணிக்காரன் எங்கள முட்டாளாக்கிருவான். அவங்க ரெண்டு பேரும் குடுக்கட்டும், அடுத்து நாங்கதான்."

மெய்ப்பாட்டாளிக் கட்சி மருந்துக்கடையில் இருந்தது. மொத்தம் ஏழே பேர். உலகத்திலேயே சரியான கொள்கை தங்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்பதால் கூட்டம் சேரவில்லை. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். காலையில்தான் கட்சி பிளந்திருந்தது. தோட்டாப் பட்டைகளையும் நாலுக்கு மூன்று என்று அளந்து கத்தரித்து வைத்திருந்தார்கள். மூன்று பேரில் ஒருவர் நெற்றியில் கட்டோடு இருந்தார். கட்டுப் போட்டுவிட்டதும் எதிரணிதான், மண்டையை உடைத்ததும் எதிரணிதான்.

நாலு பேர் அணிக்குத் தலைவர் கடைக்காரர் கிரிசாந்தோ. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டார்.

"பாசிஸ்டு ஏறி வர்றான்னு சொல்றம்மா. இருக்கட்டும். அவன் ஏறி வர்றதை நாங்க மார்ச்லயே கணிச்சுத் தீர்மானம் போட்டாச்சு. அவன் இன்னைக்கு வரலன்னாத்தான் எங்களுக்குப் பிரச்சினை."

கித்தேரியா கல்லாவில் கையை ஊன்றினாள். "தோழரே, நான் படிக்காதவ. மூணு பேரும் 'நீ முதல்ல, நீ முதல்ல'ன்னா என்ன பண்றது? மூணு பேரும் சதுக்கத்துக்கு வந்து ஒரே நேரத்துல வச்சிருங்களேன். நான் எடுத்துக்கிட்டு ஓடிடுறேன்."

கிரிசாந்தோவின் கை நின்றது. "ஒரே நேரத்துல." இரண்டாவது தடவை சத்தமாகச் சொன்னார். "ஒரே நேரத்துல! அம்மா, இது வரலாற்றுச் சிறப்புமிக்க மாநாடு!"

அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் வினையாகப் போனது. மாநாடு என்றால் மேடை வேண்டும். மேடை என்றால் இசைக்குழு வேண்டும். மதியத்துக்குள் சதுக்கத்தில் மூன்று கட்சிகளும் முழு ஆயுதத்தோடு, ஆளுக்கொரு பக்கமாக, வந்து நின்றன. இசைக்குழுவுக்கு மூன்று கட்சிகளின் பாட்டையும் ஒரே நேரத்தில் வாசிக்க உத்தரவு. வாசித்தார்கள். ஒரு நாய் செத்துப்போனது. பயத்தினாலா, யாராவது சுட்டார்களா என்று தெரியவில்லை.

பூட்டு வந்தது. முக்காலி வந்தது. பட்டைகளும் வந்தன. கித்தேரியா சீமாட்டியின் கயிற்றைப் பிடித்தபடி முன்னால் ஓடினாள். அப்போது சத்தூர்னினோ கையைத் தூக்கினார்.

"இந்தப் பூட்டு நிஜப் பூட்டுங்கிறது எனக்குத் தெரியும். ஆனா அந்த முக்காலி நிஜ முக்காலியா? அந்தத் தோட்டாவுக்குள்ள மருந்து இருக்கா, மண்ணு இருக்கா? மாட்டிப் பார்த்தாத்தானே தெரியும்?"

"மாட்ட குழாய் வேணுமே," என்றான் நெமேசியோ.

"கொண்டுவரச் சொல்லுவோம்."

கித்தேரியா கத்தினாள். "ஐயோ, அது மேல இருக்கட்டும்! நான்தான் இதையெல்லாம் மேல கொண்டுபோறேனே!"

ஆனால் அன்றைக்கு முதல் தடவையாக மூன்று கட்சிகளும் ஒரே கருத்தில் இருந்தன. மூன்று முத்திரை குத்திய உத்தரவோடு ஆள் போய்க் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தான். எதிரியை மிரட்டிக்கொண்டிருந்த ஒரே பொருளும் மலையைவிட்டு இறங்கிவிட்டது. தூரத்தில் பீரங்கி முழங்கும் சத்தம் கேட்டது. கிரிசாந்தோ பேச்சை நிறுத்தி, "கைதட்டலுக்கு நன்றி" என்றார்.

பாகங்களை மாட்டி மெஷின்கன்னை முழுசாக்கினார்கள். மூன்று கட்சிக்கும் சமபங்கு என்பதால் விசையின் மேல் கட்சிக்கு ஒரு தொண்டனாக மூன்று பேர் கை வைத்தார்கள். இனி சுட்டுப் பார்க்க வேண்டியதுதான். எந்தப் பக்கம் பார்த்துச் சுடுவது?

கிழக்கே கோவில், அங்கே செம்முன்னணி. தெற்கே கொட்டகைச் சந்து, அங்கே கூட்டமைப்பு. வடக்கே மருந்துக்கடை. துப்பாக்கியின் வாய் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கத்து ரைபிள்கள் எல்லாம் தூக்கப்பட்டன. மெஷின்கன் கடிகார முள் மாதிரி மெதுவாகச் சுற்றியது. அது போகிற இடமெல்லாம் ஆட்கள் வியர்த்தார்கள்.

"மேற்குப் பக்கம் திருப்புங்களேன்!" என்றாள் கித்தேரியா. "அங்கதானே எதிரி இருக்கான்!"

சத்தூர்னினோ அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "மேற்கே திருப்புனா இவங்க மேல எவன்மா கண்ணு வைக்கிறது?"

அந்த நேரம் பார்த்து, பேச்செல்லாம் முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, இசைக்குழுவின் டிரம்காரன் ஓங்கி ஒரு அடி அடித்தான்.

விசையின் மேலிருந்த மூன்று கைகளும் ஒன்றாக அழுத்தின. ஒற்றுமை ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து அது அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. துப்பாக்கி சுட்டுக்கொண்டே ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. மருந்துக்கடைக் கண்ணாடி முழுதும் சிதறியது, அதன் முன்னால் நின்றவர்களும் சிதறினார்கள். கோவில் படிக்கட்டில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தார்கள். ஒரு கூட்டமைப்புக்காரனுக்குத் தாடையே இல்லை; கையை மட்டும் ஆட்டி ஏதோ கண்டனம் தெரிவித்துக்கொண்டிருந்தான். சுடப்பட்டவர்கள் சுட்டவர்களைச் சுட்டார்கள், சும்மா இருந்தவர்கள் எல்லாரையும் சுட்டார்கள். விசையைப் பிடித்திருந்த மூவரும் செத்த பிறகும் கையை எடுக்கவில்லை. பட்டை தீர்ந்துதான் துப்பாக்கி நின்றது.

நீரூற்றுத் தொட்டிக்குப் பின்னால் படுத்திருந்த கித்தேரியா எழுந்தபோது தொட்டித் தண்ணீர் சிவப்பாக இருந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. ஒவ்வொரு கட்சியும் தன் ஆட்களை மட்டும்தான் எண்ணியது. தலைவர்கள் மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆபத்து என்றால் பின்வரிசைக்குப் போவது மூன்று கட்சிகளுக்கும் பொதுவான கொள்கை.

அவள் யாரையும் கேட்கவில்லை. செத்த கைகளை ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். குழாய் கொதித்தது, உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. பாதிக் காது போன டிரம்காரன் மட்டும் அழுதுகொண்டே வந்து, துப்பாக்கியைக் கழுதைமேல் ஏற்ற ஒரு பக்கம் பிடித்தான். மிச்சப் பட்டைகளை அள்ளிப் போட்டார்கள். "ஏய் சீமாட்டி! நட!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். கழுதை ஓட்டமாக மலையேறியது.

மேலே போனபோது வெயில் மேற்கிலிருந்து முகத்தில் அறைந்தது. பாசிஸ்டுகள் பாதிச் சரிவு ஏறியிருந்தார்கள். பத்துப் பேரில் நாலு பேர் செத்துக் கிடந்தார்கள். ஒருவன் குடலைக் கையால் பிடித்தபடி சுவரில் சாய்ந்து செத்திருந்தான். நிக்கானோரின் இடது கையில் இரண்டு விரல் இல்லை.

"எங்க புள்ள போன இவ்வளவு நேரம்?"

"மாநாடு," என்றாள் அவள்.

துப்பாக்கியை இறக்கி வைத்தார்கள். எந்தப் பக்கம் பார்த்துச் சுடுவது என்று யாரும் கேட்கவில்லை. நிக்கானோர் விசையை அழுத்தினான், கித்தேரியா தோலுரிந்த கையால் பட்டையை ஊட்டினாள். முதல் வரிசை முழங்காலில் மடிந்து விழுந்தது. இரண்டாவது வரிசை அவர்கள்மேல் தடுக்கி விழுந்தது. அம்மா என்று கத்திய குரல்கள், நம் ஊரில் கத்துவது மாதிரியேதான் இருந்தன. இருட்டுவதற்குள் சரிவு அடங்கிவிட்டது.

காலையில் மூன்று தலைவர்களும் சம எண்ணிக்கையில் ஆட்களோடு மலைக்கு வந்தார்கள். பாராட்ட வருகிறார்கள் என்று நினைத்து நிக்கானோர் சட்டைப் பொத்தானைப் போட்டான். அவனையும் மிச்சமிருந்த ஐந்து பேரையும் கட்டினார்கள். மெஷின்கன் சாட்சிப் பொருள், விசாரணை முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லி அதை அப்படியே விட்டுவிட்டார்கள். மலையடிவாரத்தில் கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரமாக விசாரணை நடந்தது.

"முழு மெஷின்கன் இந்த ஊர்ல எந்தக் கட்சிகிட்டயும் கிடையாது," என்று ஆரம்பித்தார் சத்தூர்னினோ. "உங்ககிட்ட இருந்திருக்கு. அப்படின்னா நீங்க எங்களைவிடப் பெரிய சக்தி. நாலாவது கட்சி."

"நாங்க கட்சியெல்லாம் இல்ல தோழர்," என்றான் நிக்கானோர். "நாங்க ஆறு பேரு."

"எங்க கட்சியும் நேத்து வரைக்கும் ஏழு பேருதான்," என்றார் கிரிசாந்தோ கோபமாக.

"மலையை யாரு காப்பாத்துனா?" என்று கேட்டாள் கித்தேரியா. அவளைக் கட்டவில்லை, பெண் என்பதால் சாட்சிக் கணக்கில் வைத்திருந்தார்கள்.

"அதுதாம்மா குற்றமே," என்றான் நெமேசியோ வருத்தமாக. "யாரைக் கேட்டுக் காப்பாத்துனீங்க?"

ஓட்டெடுத்தார்கள். எல்லாக் கைகளும் மேலே போயின, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. நெமேசியோவுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரு மனதா! தோழர்களே, ஒரு மனதா!" மூன்று தலைவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். போர் தொடங்கியதிலிருந்து இடதுசாரிகள் ஒன்றுபட மாட்டார்கள் என்று பேசியவர்களின் வாயை அந்தத் தீர்மானம் அடைத்துவிட்டது.

ஆறு பேரையும் சுவரில் நிறுத்தினார்கள். கட்சிக்கு மூன்று பேர் வீதம் ஒன்பது ரைபிள்கள் எதிரே நின்றன.

"கித்தேரி," என்று நிக்கானோர் கூப்பிட்டான். "மேல யாரைக் காவலுக்கு விட்டிருக்காங்க?"

அவள் சத்தூர்னினோவைப் பார்த்தாள். அவர் நெமேசியோவைப் பார்த்தார். நெமேசியோ கிரிசாந்தோவைப் பார்த்தான். யாரும் யாரையும் விடவில்லை. மலை காலியாக இருந்தது.

ஒன்பது ரைபிள்களும் மேலெழுந்தன. கித்தேரியா அழுது பார்க்கலாமா, காலில் விழலாமா என்று நினைத்தாள். நேற்றுக் காலையிலிருந்து அழுதும் கெஞ்சியும் ஒன்றும் நடக்கவில்லை. இவர்களிடம் எது நடக்கும் என்று அவள் யோசித்தாள். பிறகு இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரொம்பப் பணிவாகக் கேட்டாள்:

"கோவிச்சுக்காதீங்க தோழர்களே, ஒரு சின்ன சந்தேகம். 'சுடு'ன்னு எந்தக் கட்சி சொல்லும்?"

தலைவர்கள் மூவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"ராணுவ விஷயம். இயல்பாவே நாங்கதான்," என்றார் சத்தூர்னினோ.

"எங்க ஆளுங்களுக்கு நீ உத்தரவு போடுவியா?" என்றான் நெமேசியோ. "எங்க மூணு பேரும் அவங்கவங்க மனசாட்சி சொல்றப்ப சுடுவாங்க."

"தீர்மானத்தோட வாசகத்தை எழுதுனது நாங்க," என்றார் கிரிசாந்தோ. "எழுதுனவன் சொல்லட்டும்."

"நேத்து சதுக்கத்துல எங்க ஆளை எவன் சுட்டான்னு முதல்ல சொல்லு!" என்று ரைபிள் வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

ரைபிள் வாய்கள் ஒவ்வொன்றாகச் சுவரைவிட்டு நகர்ந்தன. கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் வலப்பக்கம். கித்தேரியா ரொட்டிக் கத்தியை எடுத்துக்கொண்டு சுவரோரமாகப் போனாள். இரண்டாவது கயிற்றை அறுக்கும்போது முதல் வேட்டு வெடித்தது. ஆறாவது கயிற்றை அறுத்து முடிக்கும்போது அவளுக்குப் பின்னால் நிற்க ஆளில்லை. எல்லாரும் படுத்திருந்தார்கள், பாதிப் பேர் செத்தும் பாதிப் பேர் சுட்டுக்கொண்டும். நெமேசியோ வயிற்றைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்துக் கிடந்தான். சத்தூர்னினோவும் கிரிசாந்தோவும் ஆளுக்கொரு கல்லறைக்குப் பின்னாலிருந்து ஒருவரையொருவர் துரோகி என்று கூப்பிட்டுச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

கையில் கிடைத்த ரைபிள்களைப் பொறுக்கிக்கொண்டு ஏழு பேரும் சுவர் முனையைத் தாண்டி ஓடினார்கள். அங்கே பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று பின்பக்கமாக, போரே இல்லாத கடற்கரை ஊர்களுக்குப் போகும் சாலை. இன்னொன்று மலைக்கு.

நிக்கானோர் மூச்சு வாங்க நின்றான். "எந்தப் பக்கம் புள்ள?"

பின்பக்கச் சாலையில் செம்முன்னணிக்கு ஒரு சோதனைச் சாவடி இருந்தது. அதற்கடுத்தது கூட்டமைப்புடையது. அதற்கும் அப்பால் என்னென்ன கட்சிகளோ. கித்தேரியா மலையைப் பார்த்தாள்.

"மேலதான்," என்றாள். "அங்க ஒரே பக்கத்துலேருந்துதான் சுடுவாங்க."